ஏரியில் விழுந்த காரீயம்

“கொன்றால் பாவம், தின்றால் போச்சு” என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. புலால் உண்பவர்கள் தம் மனத்தைச் சமாதானப்படுத்திக் கொள்வதற்காக யாரோ சொல்லி வைத்தது போலும்! வேட்டைத் துப்பாக்கியின் விஷயத்தில் மட்டும் இந்தப் பழமொழி செல்லாது. சுட்டவன் பறவையைத் தின்று கை கழுவிய பிறகும், அவன் சுட்ட ரவை தன் வேலையை முடித்துவிடுவதில்லை. ஏரியின் அடியிலே கிடந்து, அவன் கண்ணால் காணாத பறவைகளை, அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, வருஷக் கணக்கிலே கொன்று கொண்டிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 12 போர் துப்பாக்கியின் சாதாரணத் தோட்டா ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் ஈய ரவை அடைக்கப்பட்டிருக்கும். வாத்து வேட்டைக்கு உரிய ரவையானால், அதன் பருமனுக்குத் தக்கபடி, 200 முதல் 300 மணிகள் வரையில் இருக்கும். கைதேர்ந்தவன் குறி பார்த்துச் சுட்டாலும் அவற்றில் ஐந்தாறுதான் பறவையின் உடலில் தைக்கின்றன. குறி தவறினாலோ, ஒன்றுமே தைப்பதில்லை. அப்படியானால் மற்ற ரவைகளெல்லாம் எங்கே போயின? ஜலத்தில் விழுந்தன, சேற்றில் அமிழ்ந்தன. அதற்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

திருப்பத்தூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இது அந்நியமான சங்கதியன்று. மேலே ஜவ்வாது மலை. அடிவாரத்தில் ஆண்டியப்பனூர் நீர்த்தேக்கம். சமவெளியில் ஊருக்கு ஊர் ஏரிகள். மழை நன்றாகப் பெய்து நீர் நிறைந்துவிட்டால், நாமக்கோழியும் முக்குளிப்பானும் புள்ளிமூக்கு வாத்தும் தமிழ்நாட்டு ஏரிகளைத் தேடி வருகின்றன. ஊசிவால் வாத்தைப் போன்றவை பனிக்காலத்து விருந்தாளிகளாக வடக்கேயிருந்து வந்து இறங்குகின்றன. மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்னும் பகுதிகளில் மலையாளி என்ற பெயருடைய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. சாமையும் தினையும் பயிரிடும் இவர்களிடையே நாட்டுத் துப்பாக்கி நெடுங்காலமாக அறிமுகமான பொருள். நீரும் பறவையும் துப்பாக்கியும் இவ்வளவு அருகருகே இருக்கும் பிரதேசத்தில், தோட்டாவுக்குள் இருப்பது யாது என்று விசாரிப்பது வீண் வேலையாகாது.

சட்டம் சொல்வது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் இன்று நீர்ப்பறவை வேட்டைக்கு ஏற்ற தோட்டா எது என்று கேட்டால், “எதுவும் இல்லை” என்பதே சரியான விடை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. சிறு பிராணிகளையும் பறவைகளையும் உரிமம் பெற்றுச் சுடலாம் என்று அதில் எஞ்சியிருந்த சலுகையும் 1991-ஆம் வருஷத்துத் திருத்தத்தோடு போய்விட்டது. ஆகவே ஏரியில் மிதக்கும் வாத்தின்மீது ஈய ரவையைச் சுட்டாலும் குற்றம். எஃகு ரவையைச் சுட்டாலும் குற்றம். பொன்னால் ரவை செய்து சுட்டாலும் குற்றமே.

“அப்படியானால் இந்த ஆராய்ச்சி எதற்கு?” என்று நேயர்கள் கேட்கலாம். இதற்குக் காரணங்கள் மூன்று. நம் ஏரிக்கு வரும் பறவைகளில் பல, வேட்டை அனுமதிக்கப்பட்ட தேசங்களின் வழியாகப் பறந்து வருகின்றன. சட்டம் தடுத்தாலும் நாட்டுத் துப்பாக்கிகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. மேலும், கடல் கடந்து கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு, வேட்டையில் கிடைத்த வாத்து இறைச்சி அண்டை வீட்டாரின் அன்பளிப்பாக வந்து சேரக்கூடும். அதில் என்ன இருக்கிறதென்று அவர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

ஒரே நாளில் 4,273 பறவைகள்

அந்நிய ஆட்சிக் காலத்தில் வாத்து வேட்டை என்பது பெரிய மனிதர்களின் திருவிழாவாக இருந்தது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று விதித்தது. ஐரோப்பியருக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு! நாட்டின் சொந்தக்காரன் கையைக் கட்டிவிட்டு, நாட்டின் பறவைகளை வந்தவர்கள் சுட்டு மகிழ்ந்த காலம் அது.

அந்தத் திருவிழாக்களின் உச்சம் ராஜபுதனத்துப் பரத்பூர் சமஸ்தானத்தில் நடந்தது. 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் அவருடைய கோஷ்டியாரும் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். இந்தப் பெருமை அங்கே கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. விழுந்த பறவைகளைக் கல்லில் எழுதியவர்கள், ஏரியில் விழுந்த ஈயத்தை எழுதவில்லை. அந்தக் கணக்கை நாம் போடுவோம். ஒரு வெடிக்கு ஒரு பறவை விழுந்ததென்று, வேட்டைக்காரர்களுக்கு மிகவும் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் 4,273 தோட்டாக்கள் ஆகின்றன. தோட்டா ஒன்றுக்கு 30 கிராம் வீதம் ஏறக்குறைய 128 கிலோ காரீயம். சென்னை மணங்குக் கணக்கில் 11 மணங்குக்கு மேல்! ஒரு நாளைக்கு, ஓரிடத்தில், இவ்வளவு. அந்த இடமே இன்று கேவலதேவ் தேசியப் பூங்காவாகி, 1985-ஆம் வருஷம் முதல் உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றாக விளங்குகிறது.

நம் செங்கற்பட்டுச் சீமையின் குடியானவர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே வேறு வழியைக் காட்டினார்கள். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, கிராமத்தார் அதைச் சகித்துக்கொள்ளாமல் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1798-ஆம் வருஷத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை அவர்களுடைய காவல் உரிமையை ஒப்புக்கொண்டு கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அந்தக் குடியானவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கல்லென்று எண்ணி விழுங்குவது

பறவைகளுக்குப் பல் கிடையாது. ஆகவே அவை பொடிக் கற்களையும் மணலையும் விழுங்கி, வயிற்றிலுள்ள அரைவைப்பையில் தங்க வைத்துக்கொள்கின்றன. அந்தப் பை அம்மியும் குழவியும் போல இயங்கி, தானியத்தை அரைத்துவிடுகிறது. வாத்து ஏரியின் அடிச் சேற்றைத் துழாவும்போது, அங்கே கிடக்கும் ஈய ரவை அதற்கு விதையைப் போலவோ கூழாங்கல்லைப் போலவோ தோன்றுகிறது, எடுத்து விழுங்கிவிடுகிறது. தலையை நீரில் அமிழ்த்தி அடிமண்ணைத் துழாவும் ஊசிவால் வாத்துக்கு இந்த ஆபத்து அதிகம்.

கல் அரைவைப்பையில் கல்லாகவே இருக்கும். மென்மையான ஈயமோ தேய்கிறது, வயிற்றின் அமிலத்தில் கரைகிறது, இரத்தத்தில் கலக்கிறது. பறவையின் நரம்பு தளர்கிறது. இறக்கைகள் கூரை சரிந்தாற்போல் தொங்குகின்றன. எச்சம் பச்சையாகப் போகிறது. உணவு உள்ளே இறங்காமையால், வயிறு நிறைய இரையிருந்தும் உடல் எலும்பும் தோலுமாய் வற்றிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் உயிர் போகிறது. ஒரே ஒரு ரவைகூட இதற்குப் போதுமானதாகலாம்.

இந்தச் சாவு ஏன் நெடுநாள் கவனிக்கப்படவில்லை? நோயுற்ற பறவை கோரைப் புதரில் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே நரியோ பருந்தோ அதைத் தின்றுவிடுகிறது. துப்பாக்கிச் சத்தமும் இல்லை, பிணமும் இல்லை. தின்ற பருந்தின் உடலுக்குள்ளும் ஈயம் போய்விடுகிறது என்பது இன்னொரு துக்கம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்ற பத்திரிகாசிரியர் 1894-ஆம் வருஷத்திலேயே வாத்துக்களின் ஈய நஞ்சைப் பற்றி எழுதினார். 1919-ல் அலெக்ஸாண்டர் வெட்மோர் என்ற பறவை நூலறிஞர் அதை ஆராய்ந்து சர்க்கார் அறிக்கையாகவே வெளியிட்டார். 1959-ல் பிராங்க் பெல்ரோஸ் என்பவர், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு 2 அல்லது 3 வீதம் ஆண்டுதோறும் இப்படி மடிகின்றன என்று மதிப்பிட்டார். அந்நாட்டின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகும் ஈயத்தால் மாள்கிறது என்று தெரிந்த பிறகே சட்டத்துக்கு வேகம் பிறந்தது. 1991-ஆம் வருஷம் முதல் அமெரிக்கா முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாதென்று ஆயிற்று. முதல் எச்சரிக்கைக்கும் முழுத் தடைக்கும் இடையே 97 வருஷங்கள் ஓடிவிட்டன!

எந்தத் தோட்டா?

ஈயத்துக்குப் பதிலாக வந்தவற்றில் முக்கியமானவை மூன்று: எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன். வேட்டை அனுமதிக்கப்பட்ட தேசங்களில் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பார்ப்போம்.

மலிவானது எஃகு. ஆனால் ஈயம் தண்ணீரைப்போல் 11.3 மடங்கு கனமுள்ளது, எஃகோ 7.8 மடங்குதான். கனம் குறைந்த ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். ஆகவே ஈயத்தில் 5-ஆம் எண் ரவை போட்டவர், எஃகில் இரண்டு எண் பெரிதாக, அதாவது 3-ஆம் எண் ரவை போட வேண்டும். (ரவைக்கு எண் குறையக் குறைய மணி பெரிதாகும்.) தூரமும் குறைய வேண்டும், 35 கஜத்துக்கு அப்பால் சுடாதிருப்பது நலம். எஃகு கடினமானது; துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைக் கீறாதபடி ரவையைக் கிண்ணம் போன்ற தக்கையில் வைத்துத் தோட்டா செய்கிறார்கள். குழலின் நுனி மிகவும் இறுகலாக இருக்கும் துப்பாக்கிக்கு அது ஏற்றதன்று. பாட்டனார் காலத்துப் பழந்துப்பாக்கியில் எஃகுத் தோட்டாவைப் போடுவதற்கு முன் துப்பாக்கித் தொழிலறிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

அத்தகைய பழந்துப்பாக்கிக்கு ஏற்றது பிஸ்மத். இது தண்ணீரைப்போல் 9.6 மடங்கு கனமுள்ளது; எஃகைவிட மிருதுவானது. தனியே இருந்தால் நொறுங்கும் என்பதால் சிறிது வெள்ளீயம் சேர்க்கிறார்கள். விலைதான் கையைக் கடிக்கும். டங்ஸ்டன் கலந்த ரவை ஈயத்துக்கு நிகராகவும் அதற்கு மேலாகவும் கனமாக அமையும். விலையும் அப்படியே எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

இங்கே இரண்டு ஏமாற்றங்களைக் குறிப்பிட வேண்டும். செம்பு முலாம் அல்லது நிக்கல் முலாம் பூசிய ஈய ரவை பளபளப்பாக இருக்கும். ஆனால் அரைவைப்பையில் முலாம் தேய்ந்துபோனதும் உள்ளே இருப்பது பழைய விஷந்தான். இன்னொன்று துத்தநாகம். ஈயமில்லை என்பதற்காக அதை நம்பிவிட முடியாது. அதுவும் வாத்தைக் கொல்லும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஆகையால்தான் அமெரிக்காவில் ஒவ்வொரு புது ரவையும் பறவைகளுக்குத் தீங்கு செய்யாதென்று நிரூபித்த பிறகே அனுமதி பெறுகிறது. “ஈயம் கலவாதது” என்ற சொல்லும் “நஞ்சில்லாதது” என்ற சொல்லும் ஒன்றாகா.

சட்டம் மட்டும் போதுமா?

எஃகு ரவை வந்தபோது வேட்டைக்காரர்கள் பலமாக ஆட்சேபித்தார்கள். “இது பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தி விட்டுவிடும்” என்றார்கள். டெக்ஸாஸில் புறா வேட்டையில் ஒரு சோதனை நடத்தினார்கள். கையிலிருக்கும் தோட்டா ஈயமா, எஃகா என்பது சுடுகிறவர்களுக்கே தெரியாது. விழுந்த புறாக்களின் தொகையிலும், காயத்தோடு தப்பியவற்றின் தொகையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தவறு ரவையில் இல்லை. தூரமறியாமல் சுடும் கையிலே இருக்கிறது.

தடையின் பலனும் விரைவில் தெரிந்தது. மிஸிஸிப்பி நதிப் பாதையில் பறக்கும் காட்டு வாத்துக்களிடையே ஈய நஞ்சால் நேரும் சாவு நூற்றுக்கு 64 வீதம் குறைந்ததென்றும், 1997-ஆம் வருஷத்தில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 லக்ஷம் வாத்துக்கள் பிழைத்தன என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இங்கிலாந்தின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே 1999-ஆம் வருஷத்திலேயே வாத்து வேட்டையில் ஈயம் தடுக்கப்பட்டது. பத்து வருஷங்களுக்குப் பிறகு கடைகளில் வாத்துக்களை வாங்கிப் பரிசோதித்தபோது, பத்துக்கு ஏழில் ஈய ரவையே இருந்தது! சதுப்பு நிலத்தில் சுடுகிறவனுடைய சட்டைப் பையை யார் சோதிப்பது? சுடுகிறவன் மனம் ஒப்பினாலன்றி இந்தச் சட்டம் ஏட்டிலேதான் இருக்கும்.

மலைமேலும் சமையலறையிலும்

இனி ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம். நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை. குழலின் வாய் வழியே கரிமருந்தை இட்டுக் கெட்டித்து, அதன் மேல் ஈயக் குண்டையோ, சக்கரங்களில் இருந்து எடுத்த பால்ரஸ் குண்டையோ போடுகிறார்கள். பால்ரஸ் எஃகினாலானது, வேட்டைக்காரரின் நோக்கம் அதுவல்லவாயினும், ஈயத்தின் கேடு அதில் இல்லை. ஆனால் உரிமமில்லாத துப்பாக்கி வெடித்துச் சுட்டவன் கையையே கொண்டுபோகும் அபாயம் எந்தக் குண்டாலும் மாறாது. சாமைக் கொல்லையைக் காட்டுப் பன்றி உழுதுவிட்டுப் போவதைக் காணும் குடியானவனின் வயிற்றெரிச்சல் நியாயமானது. காப்புக் காடுகளிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2025 ஜனவரியில் அறிவித்ததும் இதனால்தான். இருப்பினும், உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு போலீஸாரும் வனத்துறையினரும் கேட்கும்போது ஒப்படைத்து விடுவதே குடும்பத்துக்கு க்ஷேமம்.

ஈயத்தால் சுட்ட பிராணியின் இறைச்சியிலும் ஆபத்து உண்டு. ரவை சதைக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறுகிறது. ரவையைப் பொறுக்கி எறிந்துவிட்டாலும் துணுக்குகள் தங்கிவிடுகின்றன. கொதிக்க வைப்பதால் அவை போவதில்லை. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்றுமே இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. எல்லாரிலும் அதிகமாகப் பாதிக்கப்படுவது குழந்தைகளும் கர்ப்பிணிகளுமே. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்கிறது.

இங்கே இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுக் குழம்ப வேண்டாம். சொம்பு செய்வதும் பித்தளைக்குக் கலாய் பூசுவதும் வெள்ளீயத்தால். துப்பாக்கி ரவை காரீயத்தால். முன்னது சமையலறைக்கு உரியது. பின்னது அங்கே நுழையவே கூடாதது. ஆனால் மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கக் கூடும். நம்பகமான பாத்திரக் கடையில் கேட்டு வாங்குவது அவசியம். வலைக்கு ஈயமணி வார்ப்பதற்காகவோ, வேறெதற்காகவோ, வீட்டு அடுப்பில் காரீயத்தை உருக்குவதும் அறவே கூடாது. அந்தத் தூசியும் புகையும் தவழும் குழந்தையைத்தான் முதலில் சேரும்.

நம் தேசம் 2000-ஆம் வருஷத்தில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியது. 2017-ல் வீட்டுச் சாயங்களில் அதற்குக் கடும் வரம்பு விதித்தது. பெட்ரோலிலும் சுவரிலும் ஆகாதது ஏரியில் மட்டும் ஆகுமா? பந்தயத்துக்காகக் களிமண் தட்டுக்களைச் சுடும் மைதானங்களில் இன்னும் ஈய ரவையே வழங்குகிறது. அத்தகைய மைதானங்கள் நீர்நிலைகளின் ஓரத்தில் அமையாமல் பார்த்துக்கொள்வது நகரசபைகளின் கடமையாகும்.

எல்லையறியாத விருந்தினர்

இமயத்தைக் கடந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தங்குளம் வரையில் வரும் பட்டைத்தலை வாத்துக்குப் பாஸ்போர்ட் இல்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் அந்த வான்வழியில் 30 தேசங்கள் இருக்கின்றன. ஒரு தேசத்தின் ஏரியில் விழுங்கிய ரவையோடு பறவை இன்னொரு தேசத்தின் ஏரியில் இறங்குகிறது. ஆதலால் ஒரு நாட்டின் சட்டம் மட்டும் அதைக் காப்பாற்றிவிடாது. டென்மார்க் 1996-லும் கனடா 1999-லும் ஈய ரவையை விலக்கின. 2014-ல் கீட்டோ நகரில் கூடிய வலசைப் பிராணிகள் மகாநாடு, எல்லா இடங்களிலும் ஈயத் தோட்டாவை ஒழிக்குமாறு யோசனை கூறியது. 2023 பிப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 தேசங்களிலும் நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டரிலும் ஈய ரவை கூடாதென்று ஆகியிருக்கிறது. 2024-ல் ஸமர்கண்டில் கூடிய மகாநாட்டில், மத்திய ஆசிய வான்வழிக்கென்று ஒரு கூட்டு முயற்சி ஏற்பட்டு, அதன் ஒருங்கிணைப்புப் பணி இந்தியாவுக்குக் கிடைத்தது.

சுடாதே என்று தன் மக்களுக்குச் சட்டம் செய்த தேசம், சுடும் தேசங்களைப் பார்த்து, “உங்கள் தோட்டாவையாவது மாற்றுங்கள்” என்று கேட்பதற்கு முழு உரிமை உடையது. அந்தக் குரல் எடுபட வேண்டுமானால் நம் வீட்டு வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தப் பனிக்காலத்தில் உங்கள் ஊர் ஏரியில் வெடிச் சத்தம் கேட்டால், வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். இறக்கை தொங்கி, பறக்க மாட்டாமல் கரையோரம் பதுங்கும் வாத்தைக் கண்டாலும் சொல்லுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிடாதீர்கள். ஈயத்தையும் கூழாங்கல்லையும் பிரித்தறிய அந்தப் பறவைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்த பிறகு சும்மா இருப்பது நியாயமாகாது.